கப்பலின் குளியல், சமையலறைக் கழிவுநீரைத் துறைமுகத்தில் ஏன் வெளியேற்றக் கூடாது?

கப்பலின் குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், பாத்திரம் கழுவும் தொட்டி ஆகியவற்றிலிருந்து வருவது சாம்பல் நீர். கழிப்பறையிலிருந்து வருவது கருநீர். அலைதடுப்புச் சுவர்களுக்குள் அடைபட்ட துறைமுக நீர் வடிகால் இல்லாத குளத்தைப் போன்றது: அதில் விழும் சோப்பும் உணவுத் துணுக்குகளும், எல்லாவற்றிலும் மோசமான சமையல் எண்ணெய்ப் பிசுக்கும், எளிதில் வெளியேறாமல் தேங்க, அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால் மீன்கள் மூச்சுத் திணறுகின்றன. ஆகவே கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது இந்நீரைத் தொட்டியில் தேக்கி, குழாய் வழியாகக் கரையிலுள்ள ஏற்பு நிலையத்திடம் ஒப்படைப்பதே சரியான முறை.

கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான மார்போல் உடன்படிக்கையின் 4ஆம் பிற்சேர்க்கை கருநீரைப் பற்றியே பேசுவதால், சாம்பல் நீரை எங்கும் கொட்டலாம் எனப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் கருநீருடன் கலந்துவிட்டால் அதுவும் கருநீராகவே கருதப்படும், கலக்காவிட்டாலும் பல துறைமுகங்கள் தம் சொந்த விதிகளால் அதைத் தடுக்கின்றன.