சத்தத்துக்கும் ஒரு போர்டு இருந்தது

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான். அங்கே ரெனால்ட்ஸ் கொலீசியம் என்ற பழைய கூடைப்பந்து அரங்கத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் உருகி உருகிப் பேசுகிறார்களாம். அப்படி என்ன இருக்கிறது அதில்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உருகாமல் எப்படியம்மா இருப்பார்கள்! நானும் 1990களில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ராலே நகரில் படித்தபோது அங்கே போய் உட்கார்ந்தவன்தான். கூடைப்பந்தில் எனக்கு அப்போது அரிச்சுவடிகூடத் தெரியாது, எதிரணிக்கு எப்படி அந்த இரண்டு பாயின்ட் ஏறியது என்று பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன், அவர் அதைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை, கூரையைக் காட்டி சத்தமானியின் கதையை ஆரம்பித்துவிட்டார். வரிசையாக விளக்குகள், கூட்டம் கத்தக் கத்த ஒவ்வொன்றாக மேலே ஏறும், உச்சி விளக்கு எரிந்தால் அன்றைக்கு அரங்கமே அதிர்ந்தது என்று அர்த்தம். அதை ஓர் ஆள்தான் கையால் இயக்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியமாம். "தெரிந்தும் கத்தினோம், அந்த ஒரு விளக்குக்காகத் தொண்டை போகக் கத்தினோம்" என்றார். ஸ்கோர்போர்டு ஆட்டக்காரர்களின் கணக்கைச் சொல்லும், அது நம்முடைய கணக்கைச் சொன்னது. எனக்கு அந்த அரங்கம் என்றாலே இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் 1974. இந்தப் பல்கலைக்கழக அணியின் டேவிட் தாம்சன் என்ற மாபெரும் ஆட்டக்காரர், இதே அரங்கத்தில் பிட்ஸ்பர்க் அணிக்கு எதிரான ஆட்டத்தில் உயரத் தாவி, சக வீரரின் தோளில் கால் தட்டி, தலைகுப்புற விழுந்தார். தரையில் அசையாமல் கிடந்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் முடிவதற்குள் தலையில் கட்டோடு திரும்பி வந்து நின்றார்! அந்த நேரத்துச் சத்தத்தை எந்த விளக்கு அளக்கும்? அந்த வருடம் தேசியக் கோப்பையும் அவர்களுக்கே வந்தது.

கேள்வி: அந்த அரங்கம் ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்குமாமே, ஏன்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: உலகப் போரால் கட்டட வேலை நின்று, இரும்புச் சட்டம் மட்டும் பல வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றது. 1946இல் இந்தியானாவிலிருந்து பயிற்சியாளராக வந்த எவரெட் கேஸ், பக்கத்து ஊர் ட்யூக் பல்கலைக்கழகத்தின் அரங்கத்தைவிட இது பெரிதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எழுப்பிய சட்டத்தை அகலமாக்க முடியாதே, அதனால் இரண்டு முனையிலும் நீட்டினார்கள். 1949இல் திறந்தபோது சுமார் 12,400 இருக்கைகள். முனையில் கிடைத்தவர்களுக்கு ஆட்டம் எட்டத்தில்தான் தெரியும், ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை.

கேள்வி: இப்போதைய ராட்சத வீடியோ திரைகளைவிட பழைய ஸ்கோர்போர்டு எந்த விதத்தில் உசத்தி?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: என் மனதுக்கு உசத்திதான். ஆண்கள் அணி 1999இல் பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே ஒரு பெரிய அரங்கத்துக்குப் போய்விட்டது. நல்லவேளையாக ரெனால்ட்ஸை இடிக்கவில்லை, 2016இல் புதுப்பித்து இருக்கைகளைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள், பெண்கள் அணி அங்கேதான் ஆடுகிறது. ஆடுகளத்துக்கு கே யோ என்ற பெயர், 30 வருடத்துக்கு மேல் அந்தப் பெண்களைப் பயிற்றுவித்தவர் அவர், புற்றுநோயோடு போராடிக்கொண்டே பயிற்சி கொடுத்தவர். ஆக, அரங்கம் சரியான கைகளில்தான் இருக்கிறது.

ஸ்கோர்போர்டுக்கு வருகிறேன். பல்பை வரிசையாக வைத்து எண் காட்டிய காலத்தில், வலது மேல் பக்கத்து பல்புகள் போனால் 8 என்பது 6 ஆகிவிடும். அதில் இருந்தது பாயின்ட்டும் நேரமும் ஃபவுலும்தான். விளம்பரம் கிடையாது, போட்ட கூடையைத் திரும்பக் காட்டுவதும் கிடையாது. அதனால் கண் ஆடுகளத்தை விட்டு நகராது. ஒரு நொடி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தால் போச்சு, என்ன நடந்தது என்று பக்கத்து சீட்காரரிடம்தான் கேட்க வேண்டும். நானும் அப்படிக் குனிந்து நிமிர்ந்துதான் அந்தப் பெரியவரிடம் கேட்டேன்.