மழை பெய்தால் நெஞ்சு படபடக்கிறது

கேள்வி: எனக்கு வயது 49. 2016 மே மாத வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சுவருக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தும் அந்தக் கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அன்றிலிருந்து வானம் இருட்டினாலே நெஞ்சு படபடக்கிறது, கைகள் குளிர்ந்துவிடுகின்றன. இரவில் மழை பெய்தால் விடியும்வரை ஜன்னலோரம் இருந்து, டோர்ச் அடித்து வாய்க்காலைப் பார்ப்பேன். தூங்கிவிடாமல் இருக்கப் பிளேன்டீ குடிப்பேன். ஈசிஜி, தைரொயிட், இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கின்றன என்கிறார்கள். ஒரு மழை நாளில் பார்த்தபோது பிரஷர் 160/100 இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தூக்கக் குளிசை தந்தார், இன்னும் போடவில்லை. 78 வயதான அம்மா என்னோடு இருக்கிறார், அவர் இன்சுலின் போடுபவர். மழை என் கையில் இல்லையே டொக்டர், நான் என்ன செய்ய?
– வாசகி, வெல்லம்பிட்டி

பதில்: முதலில் அந்தக் குளிசையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அக்காவின் அன்பில் குறையில்லை. ஆனால் அது அவருக்கென்று எழுதிய மருந்து. தூக்கக் குளிசைகளில் பல, சில வாரங்களிலேயே உடலைப் பழக்கிவிடும். அதோடு, தண்ணீர் வந்தால் எழும்ப வேண்டிய வீட்டில், எழுப்பினாலும் எழும்பாத தூக்கம் ஆபத்தானது.

உங்கள் பயத்தை வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். “அதையே யோசிக்காதே” என்று பலர் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரைக் கண்ட ஒருவரிடம் அப்படிச் சொல்வது நியாயமில்லை. மழைச் சத்தம் கேட்டவுடன் உங்கள் மூளை பழைய இரவை எடுத்து வைத்துக்கொள்கிறது. ஆபத்து நேரத்தில் உடலை உசுப்பும் அட்ரினலின் என்ற ஹோர்மோன் சுரக்கிறது. ஓடுவதற்குத் தோதாக இதயம் வேகமெடுக்கிறது, தோலுக்குப் போகும் இரத்தம் குறைந்து கை குளிர்கிறது, பிரஷர் ஏறுகிறது. நீங்களோ ஓடாமல் ஜன்னலோரம் இருக்கிறீர்கள். ஓட்டத்துக்கென்று கிளம்பிய வேகம் செலவழிய வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே நிற்கிறது. அதன்மேல் நீங்கள் குடிக்கும் பிளேன்டீ. குடித்த தேநீரின் கஃபீனில் பாதி ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடலில் இருக்கும். அதுவும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்துப் படபடப்பும் இதனோடு சேர்ந்திருக்கலாம்.

மழை உங்கள் கையில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மைதான். ஆனால் விடியும்வரை கண்விழித்துப் பார்ப்பதால் வாய்க்கால் ஓர் அங்குலமும் குறையப்போவதில்லை. அந்தக் காவலில் தேய்வது நீங்கள் மட்டும்தான். நிஜமாகவே வெளியேற வேண்டிய இரவில் உங்களுக்குத் தெளிந்த தலையும் கால்களில் பலமும் வேண்டும். ஆகவே எப்போது எழுவது, எப்போது புறப்படுவது என்பதை வெயில் அடிக்கும் ஒரு நாளில், பயமில்லாத மனத்தோடு தீர்மானித்துவிடுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்தத் தீர்மானத்தைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கக்கூடாது.

கொழும்பு கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியில், உங்கள் பக்கத்துக்கு வெள்ளம் கொண்டுவரும் களனி ஆற்றின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் அளக்கிறார்கள். 5 அடியைச் சிறு வெள்ளம் என்றும் 7 அடியைப் பெருவெள்ளம் என்றும் நீர்ப்பாசனத் திணைக்களம் கணக்கிடுகிறது. மலைநாட்டில் பெய்த மழை ஆற்றின் மேல்பக்கத்தில் உள்ள ஹங்வெல்லையைத் தாண்டிக் கொழும்புக்கு வந்து சேர மணிக்கணக்காகும். உங்கள் கூரையில் கொட்டும் மழையின் சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது ஆற்றின் அளவு அல்ல. இரவு படுக்கப்போகுமுன் ஒருமுறை திணைக்களம் வெளியிடும் அந்த அளவைப் போனில் பாருங்கள். சந்தேகமிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்துக் கேளுங்கள். பிறகு போனைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்துவிடுங்கள், ஆனால் மணியடித்தால் கேட்க வேண்டும்.

ஒழுங்கையில் திடீரென்று தேங்கும் தண்ணீர் வேறு கணக்கு. அதற்கு உங்கள் வாசற்படியையே அளவுகோலாக்குங்கள். கீழிருந்து இரண்டாவது படியில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் அதைத் தொட்டால் அம்மாவோடு கிளம்புவது என்பது முடிவு. எங்கே போவது, யாருடைய வாகனம் என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். கிளம்பச் சொல்லி அதிகாரிகள் அறிவித்தால் கோட்டுக்காகக் காத்திருக்காதீர்கள்.

கோட்டை யார் பார்ப்பது? 2022இல் பெட்ரோல் வரிசைகள் நாள்கணக்கில் நீண்டபோது, நெஞ்சு இறுக்கத்தோடு ஓட்டோ ஓட்டும் ஒருவர் என்னிடம் வந்தார். மூன்று இரவுகள் தூங்கவில்லை. வரிசையில் தன் இடம் போய்விடும் என்று ஓட்டோவுக்குள்ளேயே கண்விழித்திருந்தார். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு கிழமை கழித்து வந்தபோது முகமே மாறியிருந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு தீர்ந்திருக்கவில்லை. முன்னும் பின்னும் நின்ற மூன்று பேரோடு பேசி, ஒருவர் விழித்திருக்க மற்ற மூவரும் உறங்குவது என்று முறை வைத்துக்கொண்டார்களாம். உங்கள் ஒழுங்கையிலும் மழை இரவில் தூங்காதவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க முடியாது. நான்கு வீட்டுக்காரர் சேர்ந்து இரண்டிரண்டு மணித்தியாலம் பார்த்தால் எல்லோரும் உறங்கலாம். அந்த அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கும் குளிசை தேவைப்படாமல் போகலாம்.

கதவருகே ஒரு பை இருக்கட்டும். அடையாள அட்டைகள், கிளினிக் கொப்பி, இரண்டு கிழமைக்கான மருந்து, டோர்ச், பிஸ்கட் ஆகியவை அதில் இருந்தால் போதும். அம்மாவின் இன்சுலினைப் பற்றித்தான் பலர் அதிகம் பயப்படுகிறார்கள். திறக்காத போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். பாவனையில் உள்ள போத்தலை வெயில் படாத, 25 பாகைக்கு மேற்படாத இடத்தில் பொதுவாக நான்கு கிழமை வரை வைக்கலாம். பெட்டியில் உள்ள குறிப்பையும் பாருங்கள். கொழும்பின் வெக்கைக்கும் மின்வெட்டுக்கும் மண்சட்டி நல்ல துணை. பெரிய சட்டிக்குள் ஈரமணல் போட்டு, சிறிய சட்டியை அதில் இறக்கி, பொலித்தீன் பையில் கட்டிய மருந்தை உள்ளே வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். ஐஸ்கட்டி மருந்தில் நேரே படக்கூடாது. உறைந்த இன்சுலின் உதவாது.

படபடப்பு தொடங்கும்போது மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத்தின் வேகம் இயல்பாகவே குறையும். ஐந்து நிமிடம் செய்தால் தெரியும். மழையில்லாத மாலையிலேயே பழகிக்கொள்ளுங்கள். பிளேன்டீயைப் பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்துங்கள்.

160/100 என்ற ஒரே அளவை வைத்து உங்களுக்கு பிரஷர் வருத்தம் என்று எழுதமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஏழு நாள் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகு அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 135/85ஐ எட்டினால் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டி மூச்சு முட்டினால், அதைப் பயத்தின் கணக்கில் போட்டுவிடாமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். வெள்ளம் கனவில் வந்து எழுப்புகிறதா? மழையில்லாத நாளிலும் அந்த இரவு கண்முன்னே வந்து நிற்கிறதா? இத்தனை வருடமாக இப்படி என்றால் நான் எழுதியவை மட்டும் போதாது. இது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயாக இருக்கலாம். பேசித் தீர்க்கும் சிகிச்சை இதற்கு நன்றாக உதவும். அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கில் அதைப் பற்றிக் கேளுங்கள். யாரிடமாவது உடனே பேச வேண்டும் போலிருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

கிளினிக்குக்குப் போகும்போது பிரஷர் எழுதிய கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். அன்று மழை பெய்தாலும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.