வயித்துப் புண்ணுக்கு மணத்தக்காளி மட்டும் போதுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். வயசு 38, திருப்பூர்ல பனியன் கம்பெனில டெய்லரா இருக்கேன். ஒரு வருஷமா நெஞ்சுக்குழிக்குக் கீழ ஒரே எரிச்சல், நடு ராத்திரில எழுப்பி விட்டுடுது, எதாச்சும் சாப்பிட்டா அடங்கும், அப்புறம் திரும்ப ஆரம்பிச்சிடும். இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கி காலைல டீயோட ஒரு வலி மாத்திரை போடுவேன். மாமியார் மணத்தக்காளிக் கீரை சாப்பிடு, அதிமதுரம் குடி, இங்கிலீஷ் மருந்தே வேணாம்ங்கறாங்க. அவங்க சொல்றதக் கேக்கலாமா?

பதில்: பாதி கேக்கலாம்மா. நானும் சித்த வைத்தியம் படிச்சவன்தான், மணத்தக்காளிய விட்டுக்குடுக்க மாட்டேன், ஆனா நீங்க போற போக்குல எழுதின அந்த டீயும் மாத்திரையும்தான் என் கண்ணுல பட்டுது. நம்ம இரைப்பைக்குள்ள ஊறுற அமிலம் அந்தச் சுவரையே அரிச்சிடாம இருக்கிறதுக்கு மேல வழவழன்னு ஒரு சளிப்படலம் இருக்கு, அத ஊற வைக்கிற புரோஸ்டாகிளாண்டின்ங்கிற சரக்கையே டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைங்க குறைச்சிடும். சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னும் நினைக்காதீங்க, ரத்தத்துல கலந்து போயும் அதே வேலையத்தான் பார்க்கும். அத நிறுத்தாம கீரை சாப்பிடுறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான். இடுப்பு வலிக்கு வேற வழி கேட்டு டாக்டரப் பாருங்க.

இன்னொரு ஆளும் உண்டு, ஹெலிகோபாக்டர் பைலோரின்னு ஒரு கிருமி. வயித்துப் புண்ணுக்குக் காரணம் காரம், கவலை, டென்ஷன்னுதான் ரொம்ப காலம் எல்லாரும் சொல்லிட்டு இருந்தோம். 1982ல ஆஸ்திரேலியாவுல பெர்த் ஊர்ல ராபின் வாரன், பேரி மார்ஷல்னு ரெண்டு டாக்டருங்க இந்தக் கிருமிய வளர்த்துக் காட்டினாங்க, யாரும் நம்பலைன்னதும் மார்ஷல் 1984ல அந்தக் கிருமி கலந்த தண்ணிய தானே குடிச்சு வயித்துல அழற்சிய வரவச்சுக்கிட்டார் (மனுஷன் வீட்ல சொல்லாமதான் குடிச்சிருப்பார்!), 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. அதனால மூச்சு டெஸ்ட்டோ மலப் பரிசோதனையோ ஒண்ணு எடுத்துடுங்க. கிருமி இருந்தா பெரும்பாலும் 14 நாள் மாத்திரை, நல்லாருக்குன்னு நடுவுல நிறுத்தக்கூடாது. எந்தக் கீரையும் கஷாயமும் இந்தக் கிருமிய முழுசா ஒழிச்சிடும்னு என்னால தைரியமா சொல்ல முடியாது.

அப்ப மாமியார் சொன்ன பாதி? சித்த மருத்துவத்துல இத குன்மம்னு சொல்லி எட்டு வகையா பிரிச்சிருக்காங்க, நீங்க சொல்ற எரிச்சலுக்கு எரிகுன்மம்னே பேரு. மணத்தக்காளிச் சாறு எலிங்களுக்குக் குடுத்துப் பார்த்தப்ப அமிலமும் புண்ணும் குறைஞ்சிருக்கு, மனுஷங்ககிட்ட அந்த அளவுக்கு உறுதியான ஆய்வு கிடையாது, ஆனா உணவா சாப்பிடுறதுக்கு என்ன தடை. அரிசி கழுவின தண்ணில பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், சீரகம் போட்டு கீரைய வேக வச்சு கடைசியா தேங்காய்ப்பால் ஊத்தி இறக்குங்க, வாரத்துல ரெண்டு மூணு நாள். பச்சைக் காய பறிச்சு அப்படியே வாயில போடக்கூடாது. அப்புறம் வத்தல எண்ணெய்ல பொரிச்சு, புளியும் மிளகாயும் அள்ளிப் போட்டு வத்தக்குழம்பு வச்சிட்டு, நானும் மணத்தக்காளி சாப்பிட்டேன்னு கணக்குல சேர்க்காதீங்க.

கேள்வி: எனக்கு பிபி இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன். வயித்துக்கு நல்லதுன்னு அதிமதுரப் பொடி தினமும் ஒரு ஸ்பூன் எடுக்குறேன். தொடரலாமா?

பதில்: வேணாம் சார், இன்னிக்கே நிறுத்திடுங்க. அதிமதுரம் வயித்துக்கு ஒண்ணும் பொய் மருந்து இல்ல, அதுல இருந்து செஞ்ச கார்பெனாக்சலோன்ங்கிற மாத்திரைய 1960கள்ல இங்கிலாந்துல அல்சருக்கே குடுத்துட்டு இருந்தாங்க. சிக்கல் என்னன்னா அந்த இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வச்சு பிபிய ஏத்தும், பொட்டாசியத்த இறக்கும், ஏற்கனவே நீர் பிரியுற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இதயத் துடிப்பே தடுமாறலாம். கர்ப்பமா இருக்கிறவங்களும் தொடக்கூடாது.

கேள்வி: எரிச்சல் வந்தா ஜில்லுன்னு பால் குடிச்சா சரியாகுது. நல்லதுதானே?

பதில்: அந்த நிமிஷத்துக்கு இதமா இருக்கும், அப்புறம் பால்ல இருக்கிற புரோட்டீனும் கால்சியமும் அமிலத்த இன்னும் ஊற வைக்கும். பாலே குடிக்கக்கூடாதுன்னு இல்ல, மருந்துன்னு நினைச்சுக் குடிக்காதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு வயசு 67. அல்சர்னு ஊற வச்ச வெந்தயம் சாப்பிடுறார். நாலு நாளா மலம் தார் மாதிரி கருப்பா போகுது, தலை சுத்துதுங்கறார். வெந்தயம் சூடு பண்ணுதா?

பதில்: வெந்தயம் பாவம், அது மேல பழி போடாதீங்க. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாப் போகும், ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு, நாத்தத்தோட, கூடவே தலைசுத்தல்னா உள்ள ரத்தம் கசியுதுன்னுதான் எடுத்துக்கணும். லெட்டர் பார்த்த அன்னிக்கே உங்களுக்கு போன் பண்ணச் சொல்லிட்டேன், இங்க போடுறது மத்தவங்களுக்காக. இப்படி இருந்தா கஷாயம், கீரை, நாளைக்குப் பார்க்கலாம் எதுவும் வேணாம், எண்டோஸ்கோப்பி (வாய் வழியா குழாய் விட்டு வயித்துக்குள்ள பார்க்கிறது) வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அப்பவே கூட்டிட்டுப் போங்க, சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, முக்கியமா ஆஸ்பிரின் இருந்தா.