வாசகர் கேள்வி பதில்: இருபரிமாண விளையாட்டுக்குப் புத்துயிர் தேவையா?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் விளையாட்டு வடிவமைப்புப் பயிலும் என் மகன், இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகப் பழைய மாரியோ பாணியில் ஓர் இருபரிமாண விளையாட்டை உருவாக்க விரும்புகிறான். முப்பரிமாணக் காட்சிகள் இவ்வளவு வளர்ந்துவிட்ட பிறகு, அந்தப் பாணியை மீட்டெடுப்பதில் பொருள் உண்டா?
- ஒரு வாசகி, தெம்பனிஸ்

பதில்: நிச்சயமாக உண்டு. ஆனால் எதை மீட்டெடுக்கிறோம் என்பதில் உங்கள் மகனுக்குத் தெளிவு வேண்டும்.

1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ், முழு விளையாட்டும் சேர்ந்து 40 கிலோபைட்டில் அடங்கியது. அதன் அருமை கட்டம் கட்டமான ஓவியத்தில் மட்டும் இல்லை. பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அதற்கேற்ப அதன் நாயகன் மாரியோ உயரத் தாவுவார். தாவிய பிறகும் காற்றிலேயே அவரை முன்னும் பின்னும் நகர்த்தலாம். பக்கவாட்டுக் காட்சி என்பதால் பள்ளத்தின் அகலமும் எதிரியின் தூரமும் விளையாடுபவரின் கண்ணுக்கு ஒளிவுமறைவின்றித் தெரிகின்றன. முப்பரிமாணத்தில் ஆழத்தைக் கணிக்க நிழலையும் கேமராவின் கோணத்தையும் நம்பவேண்டியிருப்பதால், விழுந்தது நம் பிழையாலா, கோணத்தின் பிழையாலா என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. இருபரிமாணத்துக்கே உரிய இந்தத் தெளிவு எந்தத் தொழில்நுட்ப வளர்ச்சியாலும் பழசாகிவிடாது. மீட்கத் தகுந்தது இதுதான்.

படத்தை ஆக்கும் சிறு கட்டங்களான பிக்சல்களை மட்டும் நகலெடுப்பது வேறு. அக்காலக் கலைஞர்கள் படக்குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சியை மனத்தில் வைத்தே வரைந்தார்கள். 1991இல் வந்த சோனிக் விளையாட்டின் அருவிகள் உண்மையில் இடைவெளி விட்டு வரையப்பட்ட செங்குத்துக் கோடுகள். அன்றைய தொலைக்காட்சியில் அவை ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகத் தோன்றின. இன்றைய தட்டைத் திரையில் அதே கோடுகள் கோடுகளாகவே நிற்கின்றன. கலைஞர் காட்ட நினைத்த தண்ணீரை இன்றைய திரைக்கேற்ற வழியில் காட்டுவதே மீட்பு. காசு விழுங்கும் ஆர்க்கேட் எனப்படும் பொதுவிட விளையாட்டு இயந்திரங்களுக்காக வகுக்கப்பட்ட கடுமையையும், மூன்று உயிர் போனால் முதலிலிருந்து தொடங்கும் வழக்கத்தையும் தயங்காமல் விட்டுவிடலாம்.

2018இல் வந்த செலஸ்ட் என்ற விளையாட்டு இதற்கு நல்ல சான்று. தோற்றத்தில் பழைய பிக்சல் விளையாட்டுதான். ஆனால் நிற்கும் தளத்தின் விளிம்பைத் தாண்டிய பின்னும் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தாவ இடம் தருகிறது, சிரமப்படுவோர் விளையாட்டின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது. கடினமான விளையாட்டு அன்பாகவும் இருக்கமுடியும் என்பதை அதில்தான் உணர்ந்தேன். 2017இல் வந்த கப்ஹெட், 1930களின் கேலிச்சித்திரப் படங்களைப் போலத் தாளில் கையால் வரையப்பட்டது. எனவே இருபரிமாணம் என்றாலே பிக்சல் என்று உங்கள் மகன் எண்ண வேண்டியதில்லை.

கல்லூரித் திட்டப்பணிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2016இல் வெளிவந்த ஸ்டார்டியூ வேலி என்ற இருபரிமாண விளையாட்டின் நிரல், ஓவியம், இசை அனைத்தையும் எரிக் பரோன் என்ற ஒருவரே உருவாக்கினார். முப்பரிமாணத்தில் உருவமைப்புக்கும் ஒளியமைப்புக்குமே ஒரு மாணவரின் நேரம் கரைந்துவிடும். ஒரே ஒரு தாவலைச் செம்மைப்படுத்துவதில் அந்த நேரத்தைச் செலவிட்டால் அவர் கற்பது அதிகம்.

கேள்வி: சிங்கப்பூரில் இத்தகைய முயற்சி ஏதேனும் வெற்றி பெற்றுள்ளதா?
- ஒரு வாசகர், ஜூரோங்

பதில்: 2017இல் இங்குள்ள ஜென்டில்பிரோஸ் என்ற சிறு நிறுவனம் கேட் குவெஸ்ட் என்னும் விளையாட்டை வெளியிட்டது. வரைபடம் ஒன்றின்மேல் ஒரு பூனை ஓடித் திரிந்து சண்டையிடுவதாக அமைந்த அதன் இருபரிமாண உலகம் பல நாடுகளிலும் விரும்பப்பட்டு, அடுத்தடுத்த பாகங்களும் வெளிவந்தன. ஊர்களின் பெயர்களும் பாதைகளும் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருப்பதால், தனியாக வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை குறைகிறது. தெம்பனிஸ் வாசகியின் மகன் தம் திட்டத்தைத் தொடங்குமுன் அதைக் கட்டாயம் விளையாடிப் பார்க்கட்டும்.