வாசகர் கேள்வி பதில்: கவுன்சிலர் கையில் என்ன இருக்கிறது?

கே: கவுன்சிலர் எலெக்‌ஷனுக்கு யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும் ‘சுற்றுச்சூழலைப் பாதுகாப்பேன்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரை நம்புவது?
- வாசகி, பெரம்பூர்

ப: கூவத்தைச் சுத்தமாக்குவேன் என்பவருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். ஆறு நீர்வளத் துறையிடம் இருக்கிறது, கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம், ஆலைப்புகை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம்; கவுன்சிலர் அங்கெல்லாம் போய் மனு கொடுக்கலாம், உத்தரவு போட முடியாது. அவருக்கு எட்டுவது குப்பை, மழைநீர் வடிகால், தெருவோர மரம், பூங்கா, அவ்வளவுதான். ஆனால் அதுவே ரொம்பப் பெரிசு.

‘நம்ம தெரு மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் சாக்கடைக் குழாயைச் சொருகி வைத்திருக்கும் வீடுகளை என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். கூவம் நாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதற்கு நேராகப் பதில் சொன்னால் அந்த வீட்டு ஓட்டெல்லாம் போய்விடும் என்று அவருக்கே தெரியும், அப்படியும் சொல்கிறார் என்றால் கவனியுங்கள். யாருக்கும் கோபம் வராத வாக்குறுதி எதற்கும் பிரயோஜனப்படாது. மரக்கன்று நடுவேன் என்பது அந்த ரகம். நட்ட மரத்தின் அடித்தண்டு வரைக்கும் சிமென்ட் பூசி நடைபாதை போடுகிறார்களே, வேர் எங்கே போகும்? 2016 வர்தா புயலில் எத்தனை மரம் சாய்ந்தது என்று பார்த்தோமே. அந்த சிமென்ட்டை உடைத்துக் குழி விடச்சொல்வாரா என்று கேளுங்கள்.

கே: நாங்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தாலும் ஒன்றாகத்தான் போகிறது. இதில் வேட்பாளர் என்ன கிழித்துவிடப் போகிறார்?
- வாசகர், வியாசர்பாடி

ப: கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், கோபம் நியாயம்தான். பிரித்துத்தான் வாங்க வேண்டும் என்று 2016-லேயே திடக்கழிவு விதி வந்துவிட்டது. ஒருநாள் காலையில், பேட்டரி வண்டியிலிருந்து பெரிய லாரிக்குக் குப்பை மாற்றுகிற இடத்தில் போய் நில்லுங்கள். பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் ஒரே லாரியில் கவிழ்கிறதா? தூய்மைப் பணியாளரைத் திட்டாதீர்கள், வேறு லாரி வராவிட்டால் அவர் என்ன செய்வார்? வேட்பாளரிடம் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது என்பது என் சந்தேகம். அப்புறம், கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்றும் கேட்டுவிடுங்கள். நம் ஊர்க் குப்பையில் ஈரக் கழிவுதான் அதிகம், அது லேசில் எரியாது, எரிகிற பிளாஸ்டிக்கின் புகையோ உங்கள் பக்கம்தான் வரும். ‘கட்சி சொல்வதுதான் என் முடிவு’ என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கே: ஜெயித்த பிறகு ஆளைப் பிடிக்க முடியுமா?
- வாசகர், வேளச்சேரி

ப: 2016-லிருந்து 2022 தேர்தல் வரை சென்னையில் பிடிப்பதற்குக் கவுன்சிலரே கிடையாது! இப்போது கவுன்சிலர் தலைமையிலான வார்டு கமிட்டி, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் ஏரியா சபை எல்லாம் இருக்கின்றன. கூட்டத்துக்குப் போங்கள், கேட்டதை எழுத்தில் கொடுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.