குடம் தூக்கும் கைக்கு எந்த டம்பெல்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எடையைக் கூட்டிக் குறைக்கும் டம்பெல்லைப் பற்றியவை. ராயபுரத்தில் பல ஆண்டுகளாகப் பயிற்சி சொல்லித்தரும் பழக்கத்தில் பதில் சொல்கிறேன். சில இடங்களில் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயலைத் திருகினால் எடை மாறும் டம்பெல் வாங்க ஆசை. ராடும் பிளேட்டுமாக விற்பதைப்போல் பல மடங்கு விலை. வாங்கலாமா? (தண்டையார்பேட்டை)

அந்த விலை முழுக்க வசதிக்கானது. டம்பெல் ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும். டயலைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கொக்கிகள் வேண்டிய பிளேட்டுகளை மட்டும் பிடித்துக்கொள்ளும். தூக்கினால் மற்றவை தட்டிலேயே தங்கிவிடும். போஃப்ளெக்ஸ் 552 என்ற பெயர்போன மாடல் ஏறக்குறைய 2.3 கிலோவிலிருந்து 23.8 கிலோ வரை பதினைந்து படிகளில் மாறும். ஓய்வில்லாமல் அடுத்தடுத்துப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இது அருமையான ஏற்பாடுதான்.

ஆனால் அதைக் கீழே போடக்கூடாது. சரியாகத் தட்டில் உட்காராவிட்டால் டயல் திரும்பாது. கொக்கி தேய்ந்தால் நம் பக்கத்தில் சரிசெய்து தரும் கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2025 ஜூன் மாதம் இதே 552, அதன் அண்ணன் 1090 இரண்டையும், தூக்கும்போது பிளேட் கழன்று விழக்கூடும் என்று அமெரிக்காவில் திரும்பப் பெறச் சொன்னார்கள். சுமார் 38 லட்சம் டம்பெல்கள். பெரிய நிறுவனத்தின் சாமானுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத நகல்களைத் தலைக்கு மேல் தூக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

என் ஓட்டு மரையுள்ள ராடுக்கும் நட்டுக்கும்தான். அதிலும் ஆபத்து உண்டு. நட்டின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்து வெடித்தால் பிடிப்புப் போய்விடும். ஒருநாள் தோள் பயிற்சியில், ஒவ்வொரு தூக்குக்கும் நட்டு அரைச் சுற்று பின்வாங்கியதை நான் கவனிக்கவில்லை. ஒன்பதாவது தூக்கில் இரண்டரைக் கிலோ பிளேட் கால் கட்டைவிரலுக்கு நான்கு விரற்கடை தள்ளி விழுந்தது. மொசைக் தரையில் பிறை வடிவில் ஒரு பள்ளம், இன்றும் இருக்கிறது. அன்றுமுதல் காதால்தான் சோதிக்கிறேன். இறுக்கமாக இருக்கும் டம்பெல் பேசாது. பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்க ஆரம்பித்தால் உடனே கீழே வைத்து நட்டைத் திருகுங்கள்.

20 கிலோ செட் என்று போட்டிருந்தார்கள். ஒரு கையில் 10 கிலோதான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (பழைய வண்ணாரப்பேட்டை)

இல்லை. அந்த 20 இரண்டு கைக்கும் சேர்த்த கணக்கு. வாங்கும்போது கேட்கத் தவறியது நீங்கள். ராட் அந்தக் கணக்கில் அடக்கமா என்பதையும் கேட்க வேண்டும். 14 அங்குல நீளம், 25 மில்லிமீட்டர் பருமன் உள்ள கெட்டி இரும்பு ராட் நட்டு இல்லாமலே ஒன்றேகால் கிலோவுக்கு மேல் நிற்கும். அரைக் கிலோதான் இருக்கிறது என்றால் அது குழாய். தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஒவ்வொரு பிளேட்டையும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

செட்டாக வாங்காமல் உதிரியாக வாங்குவது நல்லது. ஒன்றேகால் கிலோவில் நான்கு, இரண்டரையில் நான்கு, ஐந்தில் நான்கு. மொத்தம் 35 கிலோ. ஒரு டம்பெல்லுக்கு ஒவ்வொரு அளவிலும் இரண்டிரண்டு பிளேட் வரும். ராடின் எடை போக 2.5, 5, 7.5, 10, 12.5, 15, 17.5 என்று ஏழு படிகள் கிடைக்கும். ஒன்றேகால் பிளேட்டை அற்பம் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் ஐந்திலிருந்து பத்துக்குத் தாவித் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

பிவிசி பிளேட்டா, இரும்பா? எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். (காசிமேடு)

பிவிசி என்று விற்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்டுக் கலவை. துருப்பிடிக்காது, விலை குறைவு. ஆனால் அதே எடையுள்ள வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். பத்துக் கிலோ ஏற்றுவதற்குள் ராட் நிரம்பி, நட்டுக்கு மரை மிஞ்சாது. கீழே விழுந்து உறை விரிசல் விட்டால் வீடு முழுக்கத் தூள்.

இரும்பை வாங்குங்கள். உப்புக் காற்றுக்குத் துரு வரத்தான் செய்யும், அது அழகுக் குறைவே தவிர எடைக் குறைவு இல்லை. வியர்வையும் உப்புத்தான் என்பதால் பயிற்சி முடிந்ததும் கைப்பிடியை உலர்ந்த துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை மரையில் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு. துரு ஏறிவிட்டால் உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் துடைத்து, பிளேட்டுக்கு மட்டும் கறுப்பு பெயிண்ட் அடியுங்கள். கைப்பிடிக்கு அடிக்காதீர்கள், வழுக்கும்.

எனக்கு 43 வயது. உடம்பில் வலு வேண்டும் என்று ஆசை. ஒரு கிலோ இளஞ்சிவப்பு டம்பெல் போதும் என்கிறாள் மகள். (கொடுங்கையூர்)

அம்மா, லாரித் தண்ணீர் பிடித்து இரண்டாம் மாடிக்கு ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் குடத்தில் பதினைந்து லிட்டர் என்றால் பதினைந்து கிலோ. அதையும் இடுப்பின் ஒரு பக்கத்திலேயே வைத்து, படியேறி. அந்த உடம்புக்கு ஒரு கிலோ டம்பெல் கொடுப்பது பசித்தவருக்கு ஏலக்காய் கொடுப்பதுபோல.

கைக்கு ஐந்து கிலோவில் தொடங்குங்கள். முதுகு வளையாமல் இடுப்பை மடக்கி, தரையிலிருந்து இரண்டையும் தூக்கி நிமிர்வது ஒன்று. ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்கி போடுவது இன்னொன்று. கட்டிலில் ஒரு கையை ஊன்றி மறு கையால் எடையை விலாவரை இழுப்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, மூன்று சுற்று. தலைக்கு மேல் தூக்குவதை மட்டும் இரண்டரையில் ஆரம்பியுங்கள், குடம் தூக்கிய தோளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதிலேயே தொடங்கலாம். தொடர்ந்து இரண்டு முறை பன்னிரண்டு தடவை சிரமமில்லாமல் வந்துவிட்டால் அடுத்த படிக்கு ஏறுங்கள்.

இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தூக்கும்போது மூச்சை அடக்கினால் அழுத்தம் எகிறும், ஆகவே தூக்கும்போது வெளியே விடுங்கள். கை சிறியதாக இருந்தால் 30 மில்லிமீட்டர் ராட் பருமனாகத் தோன்றும், 25 போதும்.

குடத்தையும் இனி பக்கம் மாற்றித் தூக்குங்கள்.

குடியிருப்பில் மூன்றாம் மாடி. தரை தாங்குமா? கீழ்வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். (வியாசர்பாடி)

35 கிலோ என்பது பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவரின் எடை. தரை தாங்கும். அண்டை வீட்டார்தான் தாங்கமாட்டார்கள். கெட்டியான ரப்பர் பாய் விரித்து, அதன்மேலும் எடையை இறக்கி வையுங்கள், போடாதீர்கள். பெஞ்ச் வாங்க வேண்டாம், அந்த அறையில் பிறகு எங்கே படுப்பீர்கள்? தரையில் மல்லாந்து படுத்தே நெஞ்சுப் பயிற்சி செய்யலாம். முழங்கை தரையைத் தொட்டதும் மேலே தள்ள வேண்டியதுதான்.

பதினான்கு வயது மகன் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடுமா? (பெரம்பூர்)

நிற்காது. பக்கத்தில் ஆள் இருந்து, குறைந்த எடையில், முறையோடு செய்தால் போதும். நண்பர்களோடு பந்தயம் கட்டித் தூக்குவதைத் தடுங்கள்.

தாத்தாவின் கர்லாக்கட்டை பரணில் இருக்கிறது. அதிருக்க டம்பெல் எதற்கு என்கிறார் அப்பா. (திருவொற்றியூர்)

இரண்டும் இரண்டு வேலை. கட்டையின் எடை கைப்பிடியிலிருந்து தள்ளி, அடிப்பக்கத்தில் இருக்கிறது. சுழற்றும்போது அந்த வீச்சை அடக்குவதில்தான் தோளும் மணிக்கட்டும் பிடியும் வலுப்படும். ஆனால் அதன் எடையைக் கூட்ட முடியாது, காலுக்கும் முதுகுக்கும் அது போதாது. முதலில் கட்டை சுற்றித் தோளைச் சூடாக்குங்கள், பிறகு டம்பெல். அப்பாவையே கற்றுத்தரச் சொல்லுங்கள், விளக்கைத் தள்ளிவைத்துவிட்டு.

பழைய இரும்புக் கடையில் பிளேட் வாங்கலாமா? (புளியந்தோப்பு)

தாராளமாக. துளையை அளந்து வாங்குங்கள், ஒலிம்பிக் பிளேட்டின் 50 மில்லிமீட்டர் துளை வீட்டு ராடில் ஆடும். பிளேட்டை விரலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. சட்டி உடைந்ததுபோல் கேட்டால் உள்ளே விரிசல்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். எங்கே வைப்பது? (கொருக்குப்பேட்டை)

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என் ராடும் பிளேட்டுகளும் இரண்டு நாள் சாக்கடை கலந்த தண்ணீரில் கிடந்தன. சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மரையைப் பழைய பல்துலக்கியால் சுரண்டி எண்ணெய் விட்டேன். இன்று காலையும் அவற்றைத்தான் தூக்கினேன். டயல் டம்பெல் என்றால் அந்தப் பெட்டிக்குள் புகுந்த சேற்றை எடுக்கவே வழியிருந்திருக்காது. மழைக்குப் பயந்து பரணில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். தரையிலேயே நனையட்டும்.