சாம்பல் கிளி வாங்க 18 சதவீத ஜிஎஸ்டியா?

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குக் கடைக்காரர் 18 சதவீத ஜிஎஸ்டி கேட்கிறார், அது சரியா என்று கேட்டிருந்தீர்கள். உயிருள்ள இந்தக் கிளிக்கு ஜிஎஸ்டி கிடையாது; ஜிஎஸ்டிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்களில் 0106 என்ற குறியீட்டில் வரும் மற்ற பறவைகள், விலங்குகளைப் போல அதுவும் வரிவிலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது.

கடைக்காரர் உங்களிடம் 18 சதவீதம் கேட்டதற்கு, கிளியையும் கம்பிக் கூண்டையும் சேர்த்து ஒரே விலையாகப் பில் போட்டதே காரணமாக இருக்கலாம். அப்படி விற்பது கலப்பு வழங்கல் (வெவ்வேறு பொருள்களை ஒரே விலைக்குச் சேர்த்து விற்பது) ஆகிவிடுவதால், இரண்டில் எதற்கு வரி அதிகமோ அந்த வீதமே முழுத் தொகைக்கும் பொருந்தும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 8-ஆம் பிரிவு.

பில்லில் இரண்டுக்கும் தனிக் குறியீடும் தனி விலையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரித்துத் தரச் சொல்லுங்கள், கூண்டுக்கு மட்டும் வரி கட்டினால் போதும்.

ஆனால், இந்தக் கிளியை வளர்ப்பவர் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். விற்பவரின் பதிவுச் சான்றைப் பார்க்காமல் தயவுசெய்து பணம் கொடுத்துவிடாதீர்கள்.